ரீஃபில் போட்டபின் பக்கம் முழுக்கக் கரும்புள்ளி: ஃபியூசர்தான் காரணமா?

கேள்வி:
12ஏ காட்ரிட்ஜ் போடும் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். இரண்டாவது ரீஃபிலுக்குப் பிறகு இடது ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி, மேலிருந்து கீழாக 4 முறை விழுகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. பார்க்க வந்தவர் ஃபியூசர் (டோனர் பவுடரைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க, முதலில் ஸ்கேலை எடுங்க. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி? இதில் டிரம்மின் (டோனரைப் பிடித்துத் தாளுக்குக் கொடுக்கும் உருளை) விட்டம் 24 மி.மீ., சுற்றளவு சுமார் 75. பிசிஆர் (டிரம்முக்குச் சார்ஜ் ஏற்றும் ரோலர்) விட்டம் 12, சுற்றளவு சுமார் 38. எந்த ரோலரில் குறையோ அதன் சுற்றளவுக்கு ஒருமுறை புள்ளி விழும்.

அடுத்து பாதி பிரிண்ட் சோதனை. தாள் பாதி உள்ளே போனதும் மூடியைத் திறந்து காட்ரிட்ஜை உருவி, தாளை மெல்ல இழுங்க. ஃபியூசருக்குள் போகாத பகுதியிலேயே புள்ளி இருந்தால் ஃபியூசர் மேல் பழியில்லை. அந்த டோனர் இன்னும் உருகாத பவுடர், கை பட்டால் ஈஷிக்கும். ஃபியூசர் பக்கம் கை வைக்காதீங்க, சுடும்.

கேட்டவர்:
சரியாக ஏழரை செ.மீ. பாதித் தாளிலும் புள்ளி இருக்கிறது. டிரம்மைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு வடு. துடைத்தால் போகுமா?

பதில் 2:
உலர்ந்த மெல்லிய துணியால் ஒருமுறை ஒற்றிப் பாருங்க. ஒட்டிய டோனர் கட்டியாக இருந்தால் வந்துவிடும். கோட்டிங் பெயர்ந்திருந்தால் போகவே போகாது. டிரம்மில் சார்ஜ் நிற்கும் இடம் டோனரைத் தள்ளும், சார்ஜ் இறங்கிய இடம்தான் பிடிக்கும். கோட்டிங் போன இடத்தில் சார்ஜ் நிற்காது, அதனால் அங்கே கருப்பு. தின்னர் தொடவே கூடாது. கழற்றிய டிரம்மைக் கருப்புத் துணியில் சுற்றி வையுங்க, வெளிச்சம் பட்டால் கெடும்.

சாம்பலுக்கு முதல் சந்தேகம் பிசிஆர். அதில் அழுக்கு ஏறினால் டிரம்முக்குச் சார்ஜ் குறைவாகப் போய், வெள்ளை இடத்திலும் டோனர் ஒட்டும். டிரம் மாற்றும்போதே பிசிஆரை உலர்ந்த துணியால் துடைத்து, கான்டாக்ட் பக்கத்து ஹோல்டரில் கருப்பு கண்டக்டிவ் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்க. வெள்ளை கிரீஸ் கரண்ட் கடத்தாது. டிரம்மில் மிஞ்சும் டோனரை வழிக்கும் வைப்பர் பிளேடின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, வழித்துச் சேர்ந்த வேஸ்ட் டோனரைக் கொட்டிடுங்க. ரீஃபில் பண்ணுறவங்க சோம்பல்படுற இடம் இதுதான். வேஸ்ட் டோனரை மறுபடி ஹாப்பரில் (நல்ல டோனர் இருக்கும் அறை) போட்டால் காகிதத் தூசியும் சேர்ந்து போகும்.

பதில் 3:
ஒன்று விட்டுட்டீங்க. புது டிரம் மேலும் பிளேடு விளிம்பிலும் உராய்வு குறைக்கும் பேடிங் பவுடர் தடவணும். வறண்டபடி சுற்றினால் பிளேடு மடங்கிக்கொள்ளும். டிரம்மைக் கையால் சுற்றும்போது அது பிரிண்டரில் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்க, எதிர்த்திசை வேண்டாம்.

கேட்டவர்:
டிரம் மாற்றியாச்சு, புள்ளி போச்சு. வலது ஓரத்தில் மட்டும் லேசாக மங்கல் கறை.

பதில் 3:
பேடிங் பவுடர் கூடிப் போய் பிசிஆரில் ஒட்டியிருக்கலாம். 15 தாள் ஓட்டுங்க. அப்பவும் போகலைன்னா பிசிஆரை இன்னொரு தடவை கழற்றித் துடைக்கணும்.