ராத்திரியில் வீட்டையே உலுக்கும் "டமார்" சத்தம், கோத்தகிரி பக்கம். யாராவது வழி சொல்லுங்கள்

தேயிலைச்சரிவு (கேள்வி)

வணக்கம். கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் பக்கம், தேயிலைச் சரிவில் எங்கள் வீடு. அப்பா கட்டியது. முன்பாதி கான்கிரீட். சமையலறையும் அம்மா படுக்கும் அறையும் தகரக் கூரை. நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம்.

மூன்று வாரமாக ராத்திரியில் ஒரு சத்தம். லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளிவிட்டது போல ஒரே ஒரு "டமார்". ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நாய்கள் கொஞ்ச நேரம் குரைத்து ஓய்ந்துவிடும், அப்புறம் எதுவும் இல்லை. சில நாள் 11 மணிக்கு, சில நாள் விடியற்காலை 3 மணிக்கு. சில நாள் வருவதே இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. காட்டு மாடு தண்ணீர்த் தொட்டியை முட்டுகிறது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

என் பயம் வேறு. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து ராத்திரி எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மாவுக்கு மண் சரிகிறது என்றுதான் நினைப்பு. அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பிறகு தூங்குவதில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

உறைபனி_ஊட்டி

தகரக் கூரை என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது, அக்கா. இது ஜனவரி. பகலில் வெயிலில் தகரம் கையை வைக்க முடியாத அளவு சுடும், ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் ஐஸ் மாதிரி ஆகிவிடும். 20 அடித் தகடு 40 டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் சுருங்கும். தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டை இறுக்கி முடுக்கியிருந்தால் நகர வழியில்லாமல் இழுத்துப் பிடித்து, திடீரென்று விடும். எங்கள் வீட்டில் துப்பாக்கி வெடித்தது போலவே கேட்கும்.

ஆனால் அது பெரும்பாலும் வெயில் இறங்கிய பிறகும், காலையில் சூரியன் பட்டதும்தான் கேட்கும். மேகமூட்டமான ராத்திரியில் இருக்காது.

கூடலூர்_ரோடு

டார்ச்சோடு தனியாக வெளியே போகாதீர்கள், தயவுசெய்து. உங்கள் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவையே உடைக்கும். காட்டு மாடும் இருட்டில் வெளிச்சம் பட்டால் மிரண்டு பாயும். விடிந்த பிறகு தொட்டியைச் சுற்றிப் பாருங்கள், மாடு வந்திருந்தால் குளம்புத் தடமும் சாணியும் இல்லாமல் போகாது. இங்கே கூடலூரில் ராத்திரி வெடி கேட்டால், யானையை விரட்ட வனத்துறையினர் போடும் பட்டாசு என்று புரிந்துகொள்வோம். உங்கள் பக்கமும் அப்படி ஏதாவது நடக்கிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேத்தி_பள்ளத்தாக்கு

2009-இல் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த மண் இறங்கியது. அதனால் சொல்கிறேன் அம்மா, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் மண்ணைப் பாருங்கள். பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வீட்டுக்கு மேல்பக்கம் தரையில் பிறை வடிவத்தில் புதிய வெடிப்பு இருக்கிறதா? நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று சிக்குகிறதா? மின்கம்பமோ சீகை மரமோ சாய்ந்திருக்கிறதா? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, அந்தத் தண்ணீர் கலங்கலாக வருகிறதா? தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, அதன் வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றனவா?

பழைய விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை தடவி, காய்ந்ததும் மேலே தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் பட்டை உடையும். இவற்றில் எது தெரிந்தாலும் அம்மாவை அழைத்துக்கொண்டு உடனே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

தேயிலைச்சரிவு

எல்லோருக்கும் நன்றி. கேத்தி ஐயா சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். தரையில் வெடிப்பு இல்லை, ஊற்று இல்லை, கதவுகள் சரியாக மூடுகின்றன. பின்பக்கத் தடுப்புச்சுவரில் மட்டும் ஒரு பழைய விரிசல். அதில் பட்டை தடவி ஒரு வாரமாகிறது, உடையவில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா கொஞ்சம் நிதானமானார். குளம்புத் தடமும் இல்லை. வெடி எதுவும் போடவில்லை என்று வனத்துறையில் சொன்னார்கள்.

கூரை "டக் டக்" என்று தனியாகச் சத்தம் போடுகிறது, மாலையில். அது சின்னச் சத்தம். இது வேறு.

செல்போனில் இரவு முழுக்கப் பதிவு போட்டு, நேரத்தை நோட்டில் குறித்தேன். பொங்கல் விடுமுறை மூன்று ராத்திரியும் தலா மூன்று முறை. அடுத்த செவ்வாய், புதன் ஒரு தடவைகூட இல்லை. சனிக்கிழமை மறுபடி இரண்டு முறை: 12.40, 3.15.

குழாய்_மேஸ்திரி

தங்கச்சி, விடுமுறைக்குக் கூடி, வாரநாளில் குறைகிறது என்றால் அது மாடும் இல்லை, பனியும் இல்லை. மனுஷன் ஓட்டும் ஏதோ ஒன்று. உங்கள் வீட்டு ஓரமாக யாருடைய தண்ணீர் லைனாவது மேலே போகிறதா? மேலே புதிதாக யாராவது விருந்தினர் தங்க வீடு விடுகிறார்களா?

தேயிலைச்சரிவு

அண்ணா, ஆமாம்! கீழே ஓடையிலிருந்து எங்கள் தடுப்புச்சுவரை ஒட்டி இரும்புக் குழாய் ஒன்று மேல்வீட்டுக்குப் போகிறது. பல வருஷமாக இருக்கிறது. மேல்வீட்டில் டிசம்பரில்தான் விருந்தினருக்கு அறை விட ஆரம்பித்தார்கள். தொட்டி குறைந்தால் மோட்டார் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறார்களாம்.

குழாய்_மேஸ்திரி

அப்படியானால் மோட்டார் நிற்கும் நேரத்தைப் பிடியுங்கள். மோட்டார் நின்றதும் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் தயங்கி, திரும்பி இறங்கும். அதைத் தடுக்கத்தான் மோட்டார் பக்கத்தில் என்ஆர்வி, அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு, இருக்கிறது. அதன் மடல் தேய்ந்து தாமதமாக மூடினால், இறங்க ஆரம்பித்த தண்ணீர் வந்து அறையும். 200 அடி உயரம் என்றால் சும்மா நிற்கும்போதே சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால் அதற்கு மேல் இன்னும் 10 கிலோவுக்குக் குறையாமல் ஏறும். குழாயே துள்ளும். கிளாம்ப் விட்டிருந்தால் சுவரில் அடிக்கும். சுவர் உங்கள் வீட்டோடு சேர்ந்தது, அதனால்தான் ஜன்னல் அதிர்கிறது.

பகலிலேயே சோதிக்கலாம். கிளாம்ப் பக்கத்தில் குழாயின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மோட்டாரை ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். நிற்கும்போது குழாயில் கை வைக்க வேண்டாம்.

தேயிலைச்சரிவு

கண்டுபிடித்துவிட்டோம்!

மேல்வீட்டு அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். கோபப்படவில்லை, உடனே இறங்கி வந்தார். சமையலறை ஜன்னல் கல்லில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு நான் பின்பக்கம் நின்றேன். அவர் போனில் "நிறுத்துகிறேன்" என்றார். இரண்டு மூச்சு விடும் நேரம். அப்புறம் அதே "டமார்", பட்டப்பகலில், என் முழங்கால் உயரத்தில். டம்ளரில் தண்ணீர் ததும்பிக் கல்லை நனைத்தது. சாக்பீஸ் கோடு கிளாம்பை விட்டு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது. மூன்று கிளாம்பில் இரண்டின் ஆணி சுவரை விட்டு வெளியே வந்து, குழாய் அடித்த இடத்தில் சிமெண்ட் பூச்சு உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. இவ்வளவு நாள் அந்தப் பக்கம் செடி மறைத்திருந்ததால் பார்க்கவில்லை.

அம்மாவையும் அழைத்து வந்து, இன்னொரு முறை ஓட்டி நிறுத்திக் காட்டினோம். அவர் காதால் கேட்டு, கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

குழாய்_மேஸ்திரி

நல்லது. மடல் வைத்த என்ஆர்வியை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்ததைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் திரும்புவதற்குள் அது மூடிவிடும். குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவில் ரப்பர் வையுங்கள்.

தேயிலைச்சரிவு

நேற்று வால்வு மாற்றியாயிற்று, கிளாம்பும் புதிது. செலவு முழுவதையும் மேல்வீட்டு அண்ணனே ஏற்றுக்கொண்டார். ராத்திரி மோட்டார் இரண்டு முறை ஓடியிருக்கிறது. பதிவில் ஒரு சின்ன "டொக்" மட்டும் இருக்கிறது. அம்மா ஆறரை மணி வரை தூங்கினார்.

கூரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார், ஜே போல்ட் வாஷர்களை மாற்ற. தடுப்புச்சுவரில் தடவிய பட்டையை மட்டும் எடுக்கவில்லை. வரும் மழை முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.