எந்தப் படம் போட்டாலும் இந்த மனுஷன்

ரொம்ப நாள் எனக்கு பெர்ட் க்வோக் என்ற இந்த நடிகரின் பெயரே தெரியாது. பிங்க் பாந்தர் படங்களில் இன்ஸ்பெக்டர் க்ளூசோ வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ பாய்ந்து உதைக்கும் வேலையாள் கேட்டோ, அவ்வளவுதான். எஜமானின் சண்டைப் பயிற்சி துருப்பிடிக்கக் கூடாதென்று எஜமானே போட்ட உத்தரவு அது. சண்டை மும்முரமாக இருக்கும்போது போன் அடிக்கும். கேட்டோ சட்டென்று நிறுத்திவிட்டு, ரிசீவரை எடுத்து, அத்தனை பணிவாக "க்ளூசோ அவர்கள் வீடு" என்பார். அந்த முகமாற்றத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்ட்ஃபிங்கர்' ஓடிக்கொண்டிருந்தது. அணுகுண்டோடு வரும் சீன நிபுணர் மிஸ்டர் லிங்கை வில்லன் கோல்ட்ஃபிங்கரே சுட்டுத் தள்ளுவார். விழுந்தவரைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அட, நம்ம கேட்டோ! பெர்ட் க்வோக் என்ற பெயரைத் தேடிப் பிடித்தது அன்றைக்குத்தான். கேட்டோவாக அவர் முதலில் வந்த படமும் இதுவும் ஒரே வருடம், 1964. உங்களில் யார் யார் அவரை எங்கே பார்த்தீர்கள்?

———

அண்ணே, பாண்டை ஒன்றோடு விட்டுவிட்டீர்களே. 1967இல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் ஸ்பெக்டர் கும்பலின் மூன்றாம் எண் ஆள் அவர்தான். அதே வருடம் வந்த கேலிப்படமான 'கேசினோ ராயல்'இலும் சீனத் தளபதியாக வந்து போவார். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில், எது எந்தப் படம் என்று இன்றுவரை குழப்பம்.

———

எனக்கு அவர்மேல் முதலில் வந்தது வெறுப்புதான். 'டெங்கோ' என்ற பிபிசி தொடர், 1981இல் தொடங்கியது. ஜப்பானியர்களின் கைதி முகாமில் சிக்கிய பெண்களின் கதை. முகாம் தலைவர் மேஜர் யாமௌச்சி இவர். குரலை உயர்த்தாமலே பயமுறுத்துவார். என் அம்மா "இந்த ஆள் வந்தால் டிவியை அணை" என்பார். கேட்டோ இவர்தான் என்று சொன்னபோது அம்மா நம்பவே இல்லை.

பிறகு அவர் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தேன். க்வோக் வளர்ந்தது ஷாங்காயில். அந்த ஊர் ஜப்பானியர் கையில் இருந்தபோது அவர் சின்னப் பையன். அந்த வேடத்துக்கு ஆள் தேடியவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

———

வளர்ந்தது ஷாங்காய், சரி. பிறந்த ஊரைச் சொல்லவில்லையே! வாரிங்டன். அன்றைய லங்காஷயர், வட இங்கிலாந்து. 1930. கல்லூரிப் படிப்பு அமெரிக்காவில். 1958இல் அவர் சீனக் கைதியாக நடித்த 'தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினஸ்' படத்தில் சீன மலைகள் என்று காட்டியவை வேல்ஸ் மலைகள்.

நான் அவரைப் பார்த்தது 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' தொடரில். யார்க்ஷயர் கிராமத்தில் வயதானவர்கள் வெட்டியாகச் சுற்றும் நகைச்சுவை. 2002இல் இவர் அதில் சேர்ந்தார். பாத்திரத்தின் பெயர் என்ட்விசில், அசல் லங்காஷயர் குடும்பப் பெயர். எழுபது வயதுக்கு மேல்தான் தன் பக்கத்து ஊர்க்காரனாக நடிக்க விட்டிருக்கிறார்கள்!

———

ஒரு சந்தேகம். ஜெட் லீ பாரிஸில் அடித்து நொறுக்கும் 'கிஸ் ஆஃப் தி டிராகன்' படத்தில், அவருக்கு அடைக்கலம் தரும் பெரியவர்...

———

அவரேதான்.