கடலூர் மொட்டைமாடியிலிருந்து 6 அங்குலத் தொலைநோக்கியில் சிரியஸ் ‘பி’ தென்படுமா?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 6 அங்குல விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட, கையால் திருப்பிப் பார்க்கும் சாதாரண டாப்சோனியன் வகை ஆடித் தொலைநோக்கி. 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்களும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்), உருப்பெருக்கத்தை இருமடங்காக்கும் பார்லோ வில்லை ஒன்றும் உள்ளன. சனி வளையத்தின் காசினி இடைவெளி, ஓரியன் நெபுலா, ஒமேகா செண்டாரி போன்றவற்றை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டதால், அடுத்து எளிதில் வசப்படாத ஒன்றைத் தேட வேண்டும் என்று தோன்றியது. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸின் துணை விண்மீன் சிரியஸ் ‘பி’யைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஆனால் படித்த செய்திகள் தயக்கத்தையே தருகின்றன. அந்த வெண்குறுமீன் (எரிந்து தீர்ந்து சுருங்கிய விண்மீன்) இருக்க வேண்டும் என்று வானியலாளர் பெஸ்ஸல் 1844இலேயே கணித்துச் சொல்லியிருந்தும், 1862 ஜனவரி 31 அன்று ஆல்வன் கிரகாம் கிளார்க் 18.5 அங்குல வில்லைத் தொலைநோக்கியைச் சோதித்தபோதுதான் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு விட்டமே உள்ள என் கருவியில், அதுவும் தெருவிளக்குகள் சூழ்ந்த நகர்ப்புற வீட்டிலிருந்து, இதை முயல்வது வீண் வேலையா? நெய்வேலிப் பக்கமோ கல்வராயன் மலைப் பக்கமோ இருண்ட வானத்தைத் தேடிப் போனால்தான் முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மிருகசீரிடம் (இலாசுப்பேட்டை, புதுச்சேரி):

இருண்ட வானத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். சிரியஸ் ‘பி’யின் பொலிவெண் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் அளவு) சுமார் 8.4, தனித்து நின்றிருந்தால் உங்கள் கருவியில் எந்த முயற்சியும் இல்லாமல் தெரிந்திருக்கும். அதை மறைப்பது தெருவிளக்கின் ஒளி அன்று, பக்கத்திலிருக்கும் சிரியஸின் ஒளிதான். -1.46 பொலிவெண் கொண்ட சிரியஸ், தன் துணையைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு பிரகாசமாக, அதிலிருந்து வெறும் 11 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) தூரத்தில் எரிகிறது. காற்று சற்றே கலங்கினாலும் சிரியஸின் பிம்பம் வீங்கிப் பரந்து அந்தச் சிறு புள்ளியை விழுங்கிவிடும். ஆகவே, மலையுச்சியின் கலங்கிய வானத்தைவிட உங்கள் ஊரின் அசையாத வானம் எவ்வளவோ மேல்.

இதில் நமக்கு வாய்த்திருக்கும் வசதியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிரியஸ் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 16.7 பாகையில் உள்ளது. லண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அது தெற்கு அடிவானத்திலிருந்து 22 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. கடலூரிலோ 61 பாகைக்கு மேல் ஏறி நிற்கிறது. தலைக்கு நேர்மேலே உள்ள காற்றின் கனத்தை ஒரு பங்கு என்று கொண்டால், அவர்கள் இரண்டரைப் பங்குக்கும் கூடுதலான காற்றின் ஊடே பார்க்கிறார்கள், நாம் ஒன்றேகால் பங்குக்கும் குறைவான காற்றின் ஊடே பார்க்கிறோம். இணையத்தில் ‘10 அங்குலத்துக்குக் கீழே முயலாதே’ என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் வடக்கே வெகுதொலைவில் வாழ்பவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அறிவுரையை அளந்து ஏற்க வேண்டும். 6 அங்குலக் கருவியில் அதைக் கண்டவர்கள் உண்டு.

காலமும் இப்போது சாதகமாக இருக்கிறது. இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர 50 ஆண்டுகள் ஆகின்றன; சுற்றுப்பாதை நீள்வட்டமானது. 1994ஐ ஒட்டி மிக நெருங்கியிருந்த அவை, இந்தப் பத்தாண்டில்தான் நமது பார்வைக்கு மிக விலகி நிற்கின்றன. 2040களின் நடுவில் இடைவெளி மீண்டும் 3 வில்விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது நம்மைப் போன்றவர்களின் கருவிகளுக்கு அது எட்டாது.

நேரடியாகச் சிரியஸுக்குப் போகாமல், முதலில் ஓரியனின் பிரகாசமான விண்மீனான ரைஜலின் துணையில் பழகுங்கள். அதன் இடைவெளி 9.5 வில்விநாடி, ஒளி வேறுபாடு ஐந்நூறு மடங்குக்குள். 120 மடங்கு உருப்பெருக்கத்திலேயே அது ஊசிமுனைப் புள்ளியாகப் பிரிந்து தெரியாத இரவில் சிரியஸைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். தெரிந்தால் அடுத்த சோதனை ஓரியன் நெபுலாவின் நடுவிலுள்ள டிரபீசியம். அங்கே எல்லோரும் பார்க்கும் நான்கு விண்மீன்களுக்கு அப்பால், ‘ஈ’, ‘எஃப்’ என்று 11ஆம் பொலிவெண்ணை ஒட்டிய மேலும் இரண்டு உள்ளன. இவற்றில் ‘எஃப்’ மிகப் பிரகாசமான ‘சி’யை ஒட்டியிருப்பதால் கூடுதல் சிரமம் தரும். 6 அங்குலத்தில் அது பிடிபடுகிற இரவு வாய்த்தால், வேறு எதையும் பார்த்துப் பொழுதைக் கழிக்காமல் சிரியஸுக்குப் போய்விடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை மார்ச் மாதத்தின் கடைசி வாரங்கள். அப்போது சூரியன் மறையும் வேளையில் சிரியஸ் உச்சியில் இருக்கும். வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது பார்த்தால் கண் கூசாது. சிரியஸைச் சுற்றிய ஒளிப்படலமும் வான வெளிச்சத்தில் அடங்கிப்போகும்.

முதுநகர்க்காரர் (கடலூர் முதுநகர்):

மேலே எழுதிய நண்பரின் கணக்குகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மார்ச் மாத அந்திப் பொழுது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பகல் முழுதும் வெயில் குடித்த சிமெண்ட் தளம், அந்தியில்தான் தன் சூட்டையெல்லாம் கக்குகிறது. ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் சிரியஸைப் பார்ப்பது, கொதிக்கும் சோற்றுப் பானையின் ஆவிக்கு மேலே குனிந்து பார்ப்பதற்குச் சமம். கோடையில் மாடியில் படுப்பதற்கு முன் தண்ணீர் தெளிப்போமே, அப்படித் தெளித்தால் சற்றுக் குறையும். என்றாலும் பக்கத்து வீட்டு மாடிகளுக்கெல்லாம் போய்த் தண்ணீர் தெளிக்க முடியாது அல்லவா?

இதே வசதி விடியற்காலையிலும் கிடைக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசி வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் சூரியன் உதிக்கும் வேளையில் சிரியஸ் உச்சியை ஒட்டி நிற்கும். இரவெல்லாம் ஆறிய தளம், நன்றாகக் குளிர்ந்த தொலைநோக்கி ஆடி, வெளுத்துவரும் வானம் ஆகிய மூன்றும் அப்போது ஒன்றாகக் கிட்டும். முதல் நாள் மாலையில் இடி மழை பெய்திருந்தாலும் விடியலில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருப்பது நம் பகுதியில் அரிதன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும் என்பதால் நாள்களைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் கொல்லைப்புறம் இருந்து, தெற்கே மரம் மறைக்காவிட்டால், மாடியை விட்டு மண் தரைக்கு இறங்குவதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சிரியஸ் ‘பி’யையே மந்திரமாக ஜெபிப்பவர்கள், நம் கடற்கரைக்கே உரிய இரட்டை விண்மீனை விட்டுவிடுகிறார்கள். ஆல்பா செண்டாரி இரட்டை என்பதை முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார். ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, 1689 டிசம்பரில், புதுச்சேரியிலிருந்தே கண்டார். கடலூரில் அது தெற்கே 17 பாகை உயரம் மட்டுமே ஏறும். சிப்காட் பக்கத்து வெளிச்சமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. இருந்தாலும் இரண்டும் பிரகாசமானவை என்பதால் வெளிச்சம் ஒரு தடையாகாது. 2016இல் 4 வில்விநாடியாகச் சுருங்கியிருந்த இடைவெளி இப்போது விரிந்து வருகிறது. 2029 வாக்கில் 10 வில்விநாடியைத் தாண்டும். அடிவானக் காற்றில் நடுங்கும் ஒரு பிம்பம் எந்தக் கணத்தில் தெளிகிறது என்று காத்திருந்து பிடிப்பதற்குக் கண்ணைப் பழக்க, ஜூன் மாத முன்னிரவுகளில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. கேட்டையின் பச்சையாகத் தோன்றும் துணையும் அதே மாதங்களில் முயலத்தக்கது. இடைவெளி 3 வில்விநாடிக்கும் குறைவு என்பதால் அது சிரியஸைப் போலவே பொறுமையைச் சோதிக்கும்.

ஆடிதேய்ப்பவர் (அரியாங்குப்பம்):

காற்றைப் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். கருவியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

கொலிமேஷன் (ஆடிகளை ஒரே நேர்கோட்டில் அமைப்பது) சற்றே பிசகியிருந்தாலும் சனி அழகாகத்தான் தெரியும், சிரியஸ் ‘பி’ தெரியாது. நடுத்தர ஒளியுள்ள விண்மீன் ஒன்றை அதிக உருப்பெருக்கத்தில் வைத்து, குவியத்தைச் சற்று விலக்கி, வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி அமைகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆடியில் படிந்த தூசும் உப்புப் படலமும் ஒளியைச் சிதறடித்து ஒளிப்படலத்தைப் பெரிதாக்கும். நம் கடற்காற்றில் இது விரைவாகவே நேர்வதால், பயன்படுத்தாத நேரத்தில் குழாயின் இரு வாய்களையும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்க வேண்டும். ஐபீஸின் கண் பக்க வில்லையில் இமை பட்டு ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதே கெடுதலைச் செய்யும். அதைத் துடைக்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது விளிம்பு விளைவினால் தோன்றும் ஒளிக்கதிர்கள். துணை ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகளால் சிரியஸைச் சுற்றி நான்கு கூர்மையான கதிர்கள் நீளும். துணை விண்மீன் அவற்றில் ஒன்றின்மேல் விழுந்தால் கதை முடிந்தது. குழாயைத் தாங்கியில் சுழற்ற முடிந்தால், கதிர்களுக்கு இடைப்பட்ட இருளில் அந்த இடம் அமையுமாறு திருப்புங்கள். முடியாவிட்டால், தடித்த கறுப்பு அட்டையில் அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் வாயில் பொருத்துங்கள். துளை வட்டமாக இல்லாமல் அறுகோணமாக இருக்கும்போது, சிரியஸைச் சுற்றி எங்கும் பரவியிருக்கும் ஒளியின் பெரும்பகுதி ஆறு கதிர்களாக ஒதுங்கிக்கொள்ள, அவற்றின் இடையே ஆழ்ந்த இருள் கிடைக்கும். அட்டையைச் சிறிது சிறிதாகச் சுழற்றித் துணை விண்மீனை அந்த இருளுக்குள் கொண்டுவரலாம். கொஞ்சம் ஒளி குறையும்தான். 8.4 பொலிவெண்ணுக்கு அது ஒரு பொருட்டன்று. கடையில் விற்கும் வண்ண வடிகட்டிகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு விண்மீன்களுமே வெண்ணிறமானவை என்பதால் எந்த வடிகட்டியும் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் மங்கச் செய்யாது.

கெடிலக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வீட்டின் பின்புறம் சிறிய கொல்லை உண்டு. தென்னை மரங்கள் மேற்கே இருப்பதால் தெற்கு திறந்தே இருக்கிறது. ஆகவே முதுநகர்க்காரர் ஐயா சொன்னபடி செப்டம்பர் இறுதி விடியல்களில் அங்கிருந்து முயல்கிறேன், அட்டையையும் வெட்டிக்கொள்கிறேன். பார்லோவுடன் 10 மி.மீ. ஐபீஸை இணைத்தால் 240 மடங்கு வருகிறது; அது போதுமா, குறைந்த குவியத் தூர ஐபீஸ் ஒன்று வாங்க வேண்டுமா? அதைவிடப் பெரிய ஐயம், பார்த்தது உண்மையிலேயே துணை விண்மீன்தானா, கண்ணின் மயக்கமா என்பதை எப்படி உறுதிசெய்துகொள்வது?

மிருகசீரிடம்:

240 மடங்கு தாராளமாகப் போதும். புதிதாக எதையும் வாங்காதீர்கள். விடியலா அந்தியா என்பதில் முதுநகர்க்காரரின் வாதம் மொட்டைமாடிக்கு முற்றிலும் பொருந்துகிறது. கடலை ஒட்டி, புல்தரையிலோ மணலிலோ நின்று பார்ப்பவர்களுக்கு மார்ச் அந்தியும் நன்றாகவே அமையும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீர்ப் பரப்பின் மேலாகத் தடையின்றி வரும் காற்று, வீடுகளில் மோதிச் சுழலும் காற்றைவிட அமைதியானது.

உறுதிசெய்வதற்கு உங்கள் கருவியில் மோட்டார் இல்லாததே உதவும். 240 மடங்கில் ஒரு விண்மீன் காட்சிப்புலத்தைக் கடக்க ஒரு நிமிடம் அளவில் ஆகும். அது நகரும் திசையே மேற்கு. சிரியஸ் ‘பி’ தற்போது சிரியஸுக்கு வடகிழக்கில், சற்றுக் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து இருப்பதால், சிரியஸ் முன்னே செல்ல, அது பின்தொடர வேண்டும். முன்னால் ஒரு புள்ளி தெரிந்தால் அது சிரியஸ் ‘பி’ அன்று. தூரத்தை அளக்க, அதே ஐபீஸில் முதலில் ரைஜலையும் அதன் துணையையும் பார்த்து அந்த இடைவெளியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சிரியஸ் ‘பி’யின் இடைவெளி அதைவிடச் சற்றே கூடுதல். பெரும்பாலான பொய்ப் புள்ளிகள் இதைவிட மிக நெருக்கத்தில் தோன்றுபவை. அறுகோண அட்டையைச் சுழற்றும்போது கதிர்களோடு சேர்ந்து நகரும் புள்ளியையும், ஐபீஸைத் திருகினால் இடம் மாறும் புள்ளியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய நாளுக்குரிய கோணத்தை எந்தச் செயலியிலும் முன்கூட்டியே தேடிப் பார்க்காதீர்கள். பொதுவான திசையை நான் சொல்லிவிட்டேன். துல்லியமான கோணம் தெரிந்துவிட்டால் கண் அங்கேயே ஒரு புள்ளியை உண்டாக்கிக்கொள்ளும். தெரிந்ததை நேரத்துடன் தாளில் வரைந்து, நகர்வுத் திசையை அம்புக்குறியால் காட்டிவிட்டு, அதன்பிறகு ஒப்பிடுங்கள். வெவ்வேறு நாள்களில் வரைந்த படங்களில் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால், அந்தப் படங்களை இங்கே பதிவிடுங்கள். ஆடிதேய்ப்பவர் ஐயாவும் சரிபார்த்துச் சொல்வார்.