தண்ணிக்குள்ள கத்தி எடுத்த நேரம்: பார்த்ததைப் பகிருங்க

ஊருணிப்படி

போன மழைக்கு நம்ம பக்கத்துக் கண்மாய் ஒண்ணு மறுகால் பாஞ்சப்ப நடந்தது. கலுங்குக்குக் கீழ மாட்டிக்கிட்டவரைத் தூக்க, இன்னொருத்தரை இடுப்புல கயிறு கட்டி இறக்கினாங்க. பாதியில கால் வழுக்கி விழுந்துட்டார். கரையில பிடிச்சிருந்த நாலு பேரும் சேர்ந்து இழுத்தாங்க. இழுக்க இழுக்க ஆள் உள்ள போறார். கயிறு தண்ணி வர்ற மேல்பக்கத்துல பிடிச்சிருக்கு, ஓடுற தண்ணி முதுகுல ஏறி அமுக்குது. அந்த இறுக்கத்துல எந்த முடிச்சும் விரலுக்கு அவிழாது. இடுப்புல மடக்குக் கத்தி வச்சிருந்தார், எடுத்தும் விட்டார். அலகுல இருக்கிற நகக்குழியில கட்டைவிரல் நகம் மூணு தடவை வழுக்கினது கரையில இருந்தே தெரிஞ்சுது. இன்னொரு கை கயித்தை விடவே இல்ல, எப்படி விடும்? கடைசியில ஒருத்தர் "கயித்தை விடுங்கடா"ன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் தலை மேல வந்துச்சு.

அந்தக் கத்தி நல்ல கத்திதான். ஆனா ரெண்டு கை கேக்குற கத்தி. ஆத்துக்குக் கொண்டுபோறது மடங்காத கத்தியா இருக்கணும். மடிப்புக்குள்ள மணல் ஏறினா நல்ல மடக்குக் கத்தியும் பாதியில நின்னுடும். அலகு 3 அங்குலம் போதும். கைப்பிடி நாலு விரலும் அடங்குற நீளம், சொரசொரப்பு, விரல் அலகுக்கு நழுவாம முன்னால ஒரு தடுப்பு. முடிஞ்சா மஞ்சள், ஆரஞ்சு நிறத்துல வாங்குங்க. கறுப்புக் கைப்பிடி செம்மண் தண்ணியில விழுந்தா தேடவே முடியாது.

தேவகோட்டை ரஸ்தா

அண்ணே, முனையை விட்டுட்டீங்க. ரிஷிகேஷ்ல கங்கையில ராஃப்ட் (காத்தடைச்ச ரப்பர்ப் படகு) கவுந்து, ஏழு பேரும் அதைத் திருப்பி ஏறிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் மிதவைச் சட்டை நெஞ்சுல மாட்டியிருந்த கூர்முனைக் கத்தி உறையில இருந்து நழுவி, அவர் வயித்தால ஏறினப்ப ரப்பர்க் குழாய்லயே இறங்கிடுச்சு. ஒரு சீறல் சத்தம், அப்படியே அந்தப் பக்கம் தொய்ஞ்சுது. அது ரப்பரா இருந்ததால தப்பிச்சோம், பக்கத்துல இருந்தவர் தொடை அரை அடி தள்ளித்தான் இருந்துச்சு. முனை மழுங்கின கத்திதான் ஆத்துக்கு. உளி மாதிரி நேரா வெட்டின முனை இருக்கும் பாருங்க, அது.

திருப்பாச்சேத்தி ரோடு

முனை இல்லைன்னா வலைக்குள்ள எப்படி நுழைப்பீங்க தம்பி? கண்மாய்த் தண்ணி வத்துறப்ப மீன்பிடிக்கு இறங்குறவங்க காலை தங்கூசி வலை சுத்திக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது ஒரு கயிறு இல்ல, முடி கனத்துல நூறு நரம்பு, அத்தனையும் சதையில பதிஞ்சு கிடக்கும். போன தடவை மழுங்கின முனைக்காரர் கத்தியை நுழைக்கவே முடியாம மேலேயே தேய்ச்சுக்கிட்டு நின்னார். பல் வச்ச அலகு வேற. ஒவ்வொரு பல்லுலயும் நாலு கண்ணி மாட்டி, வலையையும் சேர்த்து இழுத்துச்சு.

இன்னொண்ணு, எங்க ஊர் அருவா பேர் போனதுதான். அதைத் தண்ணிக்குள்ள கொண்டுவராதீங்க. அது ஓங்கி வெட்டுறதுக்கு அடிச்சது. இடுப்பளவு தண்ணியில ஓங்கவும் முடியாது, ஓங்கினா பக்கத்துல இருக்கிறவருக்கு ஆபத்து.

புதுவயல் பரிசல்

ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா ரெண்டும் வேற வேற வேலை. தங்கூசிக்குக் கத்தியே வேண்டாம். ஆம்புலன்ஸ்ல துணி வெட்டுவாங்களே, கீழ்வாய் வளைஞ்சு நுனி மழுங்கின கத்தரி, அதுதான். கத்தி வெட்டணும்னா பொருள் இழுப்புல இருக்கணும். தளர்ந்து கிடக்கிற வலைக்கு இழுப்பு கிடையாது. கத்தரிக்கு இழுப்பு வேண்டாம், ரெண்டு வாயும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். மழுங்கின நுனி சதைக்கும் வலைக்கும் நடுவுல வழுக்கிக்கிட்டே போகும். சின்ன உறையில போட்டு இன்னொரு பக்கம் மாட்டிக்குங்க.

கயித்துக்குப் பல். தண்ணியில மாட்டினவங்களுக்கு வீசுற எறிகயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், மிதக்கும், 8-லிருந்து 10 மி.மீ. கனம். நனைஞ்சா வழவழப்பு. மழுங்கின வெறும் அலகு அதுமேல சறுக்கும், பல் இருந்தா ஒரு இழுப்புலயே இழையைப் பிடிச்சுக்கும். நல்லா இறுகின கயிறுன்னா தொட்டாலே போயிடும், அதனால வெட்டுறதுக்கு முன்னால அறுந்த முனை எங்கிட்டு அடிக்கும், யாரு அடுத்த பக்கம் தொங்குறாங்கன்னு பாருங்க. ஆள் பக்கம் கயிறு நீளமா மிஞ்சினா அது அவர் காலைத் திரும்பச் சுத்தும். ஆளை ஒட்டி வெட்டுங்க.

சீமைக்கருவேலம் விழுந்து கிடக்கிற ஓடைக்குக் கத்தியும் கத்தரியும் ஒண்ணும் செய்யாது. தண்ணி கிளைக்குள்ள வடிஞ்சு போயிடும், ஆள் மட்டும் ஒட்டிக்கிட்டு நிப்பார். அதுக்கு மடக்கு ரம்பம் ஒண்ணு படகுல கிடக்கட்டும்.

அரண்மனை சிறுவயல்

பல் வைத்த கத்தி வாங்கச் சொல்கிறீர்கள், அதைத் தீட்டுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். காரணம், தெருவில் வந்த சாணைக்காரரிடம் ஒருவர் பல் கத்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது பல்லே இல்லை. அவர் மேல் குற்றமில்லை, சக்கரம் அப்படித்தான் தேய்க்கும்.

பல் அலகை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் மட்டும் பிறை பிறையாகக் குடைந்திருக்கும். தீட்டுவது குடைந்த பக்கம் மட்டுமே. பிறையின் அளவுக்கு ஒரு பென்சிலோ சன்னமான குச்சியோ எடுத்து, 600 நம்பர் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றுங்கள். ஒரு பிறைக்கு எட்டு, பத்து தேய்ப்பு. முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குடைவு போகிற சாய்விலேயே. தட்டைப் பக்கம் நகத்தால் தடவினால் மெல்லிய பிசிர் தட்டும். தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு 1000 நம்பர் தாளைக் கண்ணாடி மேல் விரித்து, தட்டைப் பக்கத்தை முழுக்கப் படியவைத்து இரண்டே இழுப்பு, பிசிர் போய்விடும். தட்டைப் பக்கத்தைச் சாய்த்தீர்களானால் பல் வருடா வருடம் குட்டையாகும்.

இரும்பு விஷயம். 440C எஃகில் கரி (கார்பன்) அதிகம், கூர் நிற்கும், ஈரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 420 மென்மை, கூர் சீக்கிரம் போகும், ஆனால் துருவுக்கு அவ்வளவு எளிதில் அசையாது. வருடத்தில் நாலு தடவை வெளியே வரும் ஆற்றுக் கத்திக்கு 420 போதுமென்பேன். எச்1 என்று ஒன்று உண்டு, கரிக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்தது, கடல் தண்ணீரிலும் துருப்பிடிப்பதில்லை. ஆனால் விலை கூட. எதுவானாலும் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உறையிலிருந்து வெளியே எடுத்துக் காயவிடுங்கள். உறையின் அடியில் ஓட்டை இல்லையென்றால் தண்ணீர் தேங்கி, விளிம்பு முதலில் போகும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாள்பட்டால் பிசுபிசுத்து மணலை இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா எழுதினது நல்லாருக்கு, எடுத்து வச்சுக்கிட்டேன். ஆனா திருப்பாச்சேத்தி அண்ணனுக்கு ஒரு பதில். முனை வேணும்னு சொன்னீங்க. வலைக்குள்ள நுழையுற கூர் அதே வேகத்துல வலைக்கு அடியில இருக்கிற காலுக்குள்ளயும் நுழையும். துடிக்கிற ஆளோட காலு அண்ணே, மேசை மேல வச்ச காய்கறி இல்ல. கத்தரி யோசனை சரியானது, அதோட விடுவோம்.

திருப்பாச்சேத்தி ரோடு

சரி தம்பி, கத்தரிக்கு ஒத்துக்கிறேன். கத்தியில கயிறு கோத்து மணிக்கட்டுல மாட்டுறது நல்லதா? கைநழுவினா போயிடுமே.

ஊருணிப்படி

வேண்டாம்ணே. கோத்த கயிறே அடுத்த சிக்கல். கைநழுவின கத்தி தண்ணிக்குள்ள திறந்தபடி உங்க கையைச் சுத்திச் சுத்தி வரும். போனா போகட்டும்.

அதுக்குப் பதிலா உறையைப் பாருங்க. மிதவைச் சட்டையில நெஞ்சுல நாலு துளை வச்ச சதுரப் பட்டை தைச்சிருப்பாங்க, அதுக்குத்தான் உறை. இடுப்புல, காலுல மாட்டினா கிளையில சிக்கும், தண்ணி அமுக்குறப்ப கை அங்க போகாது. மாட்டினதும் உறை ஆடக்கூடாது. அழுத்தினா விடுற பூட்டா, வெறும் இறுக்கமான்னு கடையிலயே பாருங்க. சட்டையைத் தலைகீழாப் பிடிச்சு இருபது தடவை உதறுங்க. அப்புறம் போட்டுக்கிட்டு திண்ணை விளிம்புல வயித்தால ஏறி இறங்குங்க, ராஃப்ட்ல ஏறுற மாதிரி. ரெண்டுலயும் விழலைன்னா, கண்ணை மூடி வலது கையால ஒரு தடவை, இடது கையால ஒரு தடவை எடுத்து, திரும்ப உறையில போட்டுப் பாருங்க. போடுறதுதான் கஷ்டம். எடுத்த கத்தியைத் திரும்பப் போட முடியாம கையிலயே வச்சுக்கிட்டு நீந்துறவங்கதான் அதிகம்.

புதுவயல் பரிசல்

வாங்கினதும் இதையும் செய்யுங்க. 9 மி.மீ. கயிறு ரெண்டு முழம், ராத்திரி முழுக்க வாளியில ஊறட்டும். காலையில ஒரு முனையைத் தூண்ல கட்டி, இன்னொருத்தரை மறுமுனையில இழுக்கச் சொல்லி ஒத்தக் கையால வெட்டுங்க. அப்புறம் இழுக்காம தொங்கவிட்டு வெட்டுங்க. இழுப்புல ஒண்ணு, தளர்வுல அஞ்சுக்குள்ள அறுக்கணும். அதுக்கு மேல போனா தீட்டுங்க, இல்ல மாத்துங்க.

மதுரையோ திருச்சியோ விமானம் ஏறுறவங்க கத்தியைப் பெட்டியில போட்டு அனுப்புங்க, கைப்பையில விடமாட்டாங்க.