மாலை போட்ட மூன்றாம் நாள்: குடியை நிறுத்தியபோது எங்கள் வீடுகளில் நடந்தவை

தோட்டத்துப் பிள்ளை, ஹட்டன்

கார்த்திகை பிறக்கப் போகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். அவர்களில் பலருக்குக் குடியை விட வேண்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருக்கிற வேண்டுதல். சித்தப்பாவும் போன வருடம் அப்படித்தான் போட்டார்.

அவர் குடிப்பது கசிப்பு, களவாகக் காய்ச்சுகிற சாராயம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியப் போகும் முன்பே ஒரு கிளாஸ் உள்ளே போகாவிட்டால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாது, கை அப்படி ஆடும். மாலை போட்ட பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. சித்தி சந்தோஷத்தில் அழுதார்.

மறுநாள் விடியற்காலை, பனி கொட்டுகிற நேரம், மனிதருக்குச் சட்டை நனைய வேர்த்திருந்தது. அன்று இரவு கை கால் வெட்டி இழுத்து விழுந்தார். விரதத்தில் பட்டினி கிடந்த மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவுதான் லயமே, எங்கள் வரிசை வீடுகள் முழுக்க, பயந்து போனது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்துகொண்டு, உடம்பில் எறும்பு ஏறுகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். எப்போதோ செத்துப்போன கங்காணி வாசலில் நின்று பேர் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடப் பார்த்தார். 'முனி அடித்துவிட்டது' என்றார்கள். மாலைக்குத் தீட்டுப் பட்டுவிட்டது என்றார் ஒருவர். பூசாரி வந்து விபூதி போட்டார். விடிகிற நேரத்தில் உடம்பு நெருப்பாகக் கொதிக்கவும் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டொக்டர் முதலில் கேட்டது, 'கடைசியாக எப்போது குடித்தார்?' மூன்று நாளாகத் தொடவே இல்லை என்று சித்தி பெருமையாகச் சொன்னார். 'அதனால்தான் இப்படி ஆகியிருக்கிறது' என்றார் டொக்டர்.

பிழைத்துவிட்டார். வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற நேர்ஸ், கண்டி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் வார்டில் நான் பார்த்த முகங்கள் எல்லாம் கண்முன் வந்தன. கார்த்திகை, மார்கழியில் இப்படி வருவார்கள். காமன் கூத்துக்கு விரதம் இருக்கும் மாசியிலும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் நெற்றி நிறைய விபூதியோடுதான் வருவார்கள், நேரம் கடந்து.

மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிக்கிறவருடைய மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன்னைத்தானே முடுக்கி வைத்துக்கொள்ளும். குடியைச் சட்டென்று நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சிவிடும். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, நெஞ்சுப் படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும், காய்ச்சல் ஏறும், ஆள் யார், இடம் எது என்று புரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அதை முனி என்று கட்டிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தோடு அவர்கள் வருவதைப் பார்க்கச் சகிக்காது.

வார்டில் மூளையை அமைதிப்படுத்துகிற டயசிபாம் மாதிரியான மருந்தைக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்கிற விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சோற்றைத் தள்ளிவிட்டுக் குடித்தே காலம் தள்ளியவர்களுக்கு அந்த விட்டமின் வற்றிப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் நடை தள்ளாடும், கண் ஆடும், ஞாபகம் திரும்பி வராமலே போகும்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. எப்போதாவது கல்யாண வீட்டில் குடிக்கிறவர் தாராளமாக உடனே நிறுத்தலாம். தினமும் குடிக்கிறவர், காலையிலேயே குடிக்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர், இவர்கள்தான் முதலில் டொக்டரிடம் வர வேண்டும். மாலை போட வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த மன உறுதி பெரிய மருந்து. இரண்டு வாரம் முன்கூட்டியே வாருங்கள், உடம்பைச் சரிப்படுத்திக்கொண்டு மாலை போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊவாப் பெண், பண்டாரவளை

என் தம்பி கசிப்பைத் தொட்டதே இல்லை. கொழும்பில் கடை வேலை. சித்திரைக்கும் தீபாவளிக்கும் வருவான், 'இது பியர்தானே அக்கா' என்பான். 8.8 சதவீத ஸ்ட்ராங் பியர், 500 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் அல்ககோல் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயம் கால் போத்தலில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 48 கிராம். இரண்டு டின் குடித்தால் கால் போத்தலைத் தாண்டியாகிவிட்டது. அவன் தினமும் நாலு டின் குடித்திருக்கிறான்.

ஒரு நாள் வீட்டில் பல் விளக்கப் போனவன் பேசின் நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தான். ஈரல் இறுகிப்போனால் ரத்தம் அதன் வழியாகப் போக முடியாமல், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் வீங்கி வெடிக்குமாம். கால் வீங்கியதையும் வயிறு உப்பியதையும் 'கொழும்புச் சாப்பாடு' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, பேச்சுக் குழறினால் தயவுசெய்து ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது உயிரோடு இருக்கிறான். தினமும் மாத்திரை, மாதா மாதம் கிளினிக். வயது முப்பதுதான்.

பாடசாலை ஆசிரியர், மஸ்கெலியா

பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சம்பளத்துக்கு மறுநாள் முதல் பாடத்திலேயே தூங்கி விழுகிற பிள்ளைகளை நான் எழுப்புவதில்லை. இரவு முழுக்க எந்த லயத்து வாசலில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் ஒரு மாணவி கொப்பிகளை எல்லாம் பக்கத்துக் காம்பரா ஆச்சியின் அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அப்பா குடித்துவிட்டு வந்தால் முதலில் கிழிப்பது கொப்பியைத்தான். நிதானமாக இருக்கும்போது அதே அப்பா மீட்டிங்குக்கு வந்து, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கை கட்டி நின்று கேட்பார். அவரையும் நோயாளியாகத்தான் பார்க்க வேண்டும் என்று இங்கே படித்த பிறகு தோன்றுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காவல் முதலில் வேண்டும். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கங்கள்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926. வகுப்புச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளை, ஹட்டன்

எல்லோருக்கும் நன்றி. சொல்லாமல் விட்ட ஒன்று: மாலை கழற்றிய தை மாதமே சித்தப்பா மறுபடி தொடங்கிவிட்டார். சாராயம் விற்கிற விலைக்கு எல்லோரும் கசிப்புக்குத்தான் போகிறார்கள், ஆற்றோரத்தில் கசிப்புக் காய்ச்ச ஊறவைத்த கோடா பெரல் எப்போதும் இருக்கிறது. இந்த வருடமும் மாலை போட வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன். நேர்ஸ் அக்கா, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்களா, வார்டில் போடுவார்களா?

ஓய்வுபெற்ற நேர்ஸ், கண்டி

அதை டொக்டர்தான் பார்த்து முடிவு செய்வார் தம்பி. ஆனால் முன்பு வலிப்பும் பிதற்றலும் வந்தவர் என்பதால் பெரும்பாலும் வார்டில்தான் வைப்பார்கள். போன தடவை கொடுத்த டயக்னோசிஸ் கார்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். ஒரு சாரம், ஸ்வெட்டர், டவல் எடுத்துவையுங்கள். திங்கட்கிழமை வரை அவராகத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சித்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்குள் நடுக்கமோ வேர்வையோ கூடினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.