மொட்டை மாடி ஒரு நாளைக்கு இரண்டு முறை 30 மீட்டர் ஏறி இறங்குகிறது. சென்சார் பழுதா?

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம் எழுதியது:

வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் புதிது. தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் நானாகப் பிரித்ததில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஈஎஸ்பி32 போர்டும் (நிரல் ஏற்றிக்கொள்ளும் குட்டிக் கம்ப்யூட்டர்) காற்றழுத்த சென்சாரும் வாங்கிக் கொடுத்து, நிரலையும் ஏற்றிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறேன். போனில் எண் வருகிறது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

நேற்றைய கணக்கு இது. விடியற்காலை 4 மணிக்கு 1008.4. காலை 10 மணிக்கு 1010.9. மாலை 4 மணிக்கு 1007.3. இரவு 10 மணிக்கு 1010.2. (4 மணிக்கு எழுந்தது இதற்காக இல்லை, மெட்ரோ வாட்டர் லாரிக்காக.)

கூடவே 'உயரம்' என்று ஒரு எண்ணும் வருகிறது. காலையில் 20 மீட்டர், மாலையில் 50 மீட்டர். எங்கள் வீடு கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி. அது எங்கேயும் எழுந்து போகவில்லை, கீழே தெருவில்தான் நிற்கிறது. முந்தாநாளும் இதே கதை, அதற்கு முந்தின நாளும் இதே கதை. மாலையில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்ததும் புயல் வருகிறது என்று பயந்து தொட்டிச் செடிகளையெல்லாம் சுவரோரம் நகர்த்திவிட்டேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

இன்னொன்று, ஈரப்பதமும் காட்டும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். அது எப்போதும் 0 என்கிறது. மடிப்பாக்கத்தில், அக்டோபரில், ஈரப்பதம் 0!

சென்சாரை மாற்ற வேண்டுமா? மாற்றினால் புயல் வருவது தெரியுமா?

ரெசிஸ்டர்_ராஜா எழுதியது:

அக்கா, ஈரப்பதக் கேள்வி எளிது. உங்களுக்கு வந்திருப்பது பிஎம்பி280. ஈரப்பதம் காட்டுவது பிஎம்இ280. பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், விலையில்தான் நிறைய. போர்டின் மேல் இருக்கும் சின்ன வெள்ளி டப்பாவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சரியான சதுரமாக இருந்தால் பிஎம்இ. கொஞ்சம் நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி. சந்தேகம் என்றால் சிப்பின் அடையாள எண்ணைத் தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இந்தக் குழப்பம் நடக்கிறது. நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

அழுத்தம் காட்டும் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. எறிந்துவிடாதீர்கள்.

மழைக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் செய்தேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியைச் சுற்றி எம்-சீல், ஒயர் நுழையும் ஓட்டைக்கும் எம்-சீல். பெரிய வேலை செய்துவிட்ட பெருமை. மறுநாள் மத்தியானம் வெயிலில் 1040ஐத் தாண்டிப் போனது. சைபீரியாவில் குளிர்காலத்தில் பார்க்கும் எண் அது. அடைபட்ட காற்று சூடானால் டப்பாவுக்குள்ளேயே அழுத்தம் ஏறும், பத்து டிகிரிக்கு முப்பது சொச்சம். நான் அளந்தது டிபன் பாக்ஸின் வானிலை. அடிப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டதும் சரியாகிவிட்டது. வெயிலும் நேரடியாகப் படக்கூடாது. சிப்பின் மூடியில் இருக்கும் ஊசித் துளை வழியாக வெளிச்சம் விழுந்தாலே அளவு கொஞ்சம் தவறும்.

பழைய_பாரோகிராப் எழுதியது:

அம்மா, உங்கள் பால் கணக்கு நோட்டைப் பார்த்ததும் எனக்கு 40 வருஷம் பின்னால் போனது போல் இருந்தது. சென்சாருக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு எண்களும் அருமையான எண்கள். கப்பலில் மூன்றாவது அதிகாரியாக இருந்தபோது நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதையேதான் லாக் புத்தகத்தில் எழுதினேன். (நாங்கள் மில்லிபார் என்போம். உங்கள் போனில் ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.)

கடலுக்கு அலை ஏற்ற இறக்கம் இருப்பதுபோல் காற்றுக்கும் உண்டு. கடலில் நிலா பெரிய ஆள், காற்றில் சூரியன். மேலே இருக்கும் ஓசோனும் நீராவியும் வெயிலை வாங்கிச் சூடாகி, அதனால் மொத்தக் காற்று மண்டலமும் ஒரு நாளைக்கு இரண்டு முறை மெல்ல அசைந்து கொடுக்கிறது. காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். விடிகாலை 4, மாலை 4 வாக்கில் பள்ளம். நம் பக்கத்தில் அது 3, 4 மில்லிபார் வரை வரும். ஐரோப்பா மாதிரி வடக்கே போனால் இது சுருங்கிவிடும். அங்கே நாளுக்கு நாள் வரும் மாற்றமே பெரிது, அதற்கு நடுவில் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அங்கே எழுதிய 'அழுத்தம் இறங்கினால் மழை, ஏறினால் வெயில்' என்ற பாடத்தைச் சென்னையில் வைத்துப் படித்தால் தினமும் மாலை செடித்தொட்டியை நகர்த்த வேண்டியதுதான்.

எங்கள் கப்பலில் பாரோகிராப் ஒன்று இருந்தது, காற்றழுத்தத்தைத் தாளில் பதியும் கருவி. ஒரு உருளை, அதில் ஒரு வாரத்துக்கான தாள், மைப் பேனா ஒன்று கோடு போட்டுக்கொண்டே போகும். வங்கக் கடலில் அந்தக் கோடு ஒட்டகத் திமில் மாதிரி நாளைக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். ஒரு நவம்பர், போர்ட் பிளேரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காலை 10 மணிக்கு ஏற வேண்டிய பேனா ஏறவில்லை. இறங்கவும் இல்லை, அப்படியே படுத்துக் கிடந்தது. வானம் தெளிவு, கடல் மட்டும் ஒரு பக்கமிருந்து நீள நீளமாகப் புரண்டு வந்தது. கேப்டன் தாளை ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, சார்ட் ரூமுக்குப் போய் வழியை மாற்றினார். மறுநாள் ரேடியோவில் புயல் செய்தி வந்தது.

ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் போவதுதான் செய்தி. அதற்குக் கப்பல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அந்த மாதத்தின் வழக்கமான அழுத்தத்தை வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குரிய தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் உஷார். 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருப்பதில் சந்தேகம் கொள்ள இடமில்லை.

நீங்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இன்று மாலை 4 மணி எண்ணை நேற்று மாலை 4 மணி எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். 4ஐ 10ஓடு சேர்க்காதீர்கள். ஒரு பத்து நாள் 4 மணி எண்களின் சராசரியைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சராசரியும் ஒரே இடத்தில் நிற்காது. மே, ஜூனில் தாழ்ந்தும் டிசம்பர், ஜனவரியில் உயர்ந்தும் இருக்கும். அதனால் போன கோடையின் நோட்டை எடுத்து வைத்து ஒப்பிடாதீர்கள்.

மீனம்பாக்கம்_அண்டைவீடு எழுதியது:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. 'உயரம்' ஏன் உளறுகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சிப்புக்கு உயரம் தெரியாது. உள்ளே வெற்றிடத்தின் மேல் சிலிக்கானில் ஒரு மெல்லிய சவ்வு. காற்று அழுத்தும்போது அது வளையும், வளையும் அளவுக்கு மின்தடை மாறும். வெப்பத்துக்கும் மாறும் என்பதால் முதலில் வெப்பநிலையை அளந்து, ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையில் எழுதி வைத்த திருத்த எண்களைப் போட்டு அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். உயரம் அதற்கும் பிறகு வருவது. கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25, வெப்பம் 15 டிகிரி என்று நிரல் தானாக எடுத்துக்கொள்கிறது. சென்னையில் என்றைக்கு மத்தியானம் 15 டிகிரி இருந்தது? 1013.25க்குப் பதில் அன்றைய அழுத்தத்தைக் கொடுத்தால்தான் உயரம் உருப்படியாக வரும். விமானிகள் செய்வதும் அதுதான். இறங்குவதற்கு முன் அன்றைய எண்ணைக் கேட்டு ஆல்டிமீட்டரில், அதாவது உயரமானியில், திருகி வைப்பார்கள்.

அந்த எண் உங்களுக்கும் கிடைக்கும். சென்னை விமான நிலையத்தின் மெடார் என்ற வானிலை அறிக்கை அரை மணிக்கு ஒரு முறை இணையத்தில் வருகிறது. அதில் க்யூ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் கடல் மட்ட அழுத்தம். தசமத்தை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள். 1010 என்றால் 1010.0இலிருந்து 1010.9 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு தடவை ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள். நாலைந்து நாள் ஒப்பிட்டால் உங்கள் எண்ணோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரியும். மாடியின் உயரம், சிப்பின் சொந்தப் பிழை இரண்டும் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். சொந்தப் பிழை 1 ஹெக்டோபாஸ்கல் வரை சாதாரணம். போர்டில் பற்றவைத்த சூட்டிலேயே கொஞ்சம் நகர்ந்திருக்கும், வருஷம் போகப் போக இன்னும் நகரும்.

உயரத்தை அளந்தே தீருவேன் என்றால் வித்தியாசத்தை அளங்கள். கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை, பத்து நிமிஷத்துக்குள். அதில் இந்தச் சென்சார் கெட்டிக்காரன், ஒரு மீட்டர் முன்னே பின்னே சொல்லிவிடும்.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நீள்சதுரம்தான். மகனிடம் சொன்னேன், 'அப்படியா' என்றான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பவர் பேங்கோடு போர்டை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு பார்க்கிங்குக்கும் மாடிக்கும் மூன்று தடவை ஏறி இறங்கினேன். எதிர்வீட்டம்மா கோயில் வேண்டுதலா என்று கேட்டார். சராசரி வித்தியாசம் 1.42 வந்தது. நிரல் அதை 11.8 மீட்டர் என்கிறது. துணி காயப்போடும் கயிற்றில் செங்கல் கட்டி மாடியிலிருந்து தொங்கவிட்டு டேப்பில் அளந்தேன், 12.4. அறுபது சென்டிமீட்டர் எங்கே போனது?

மாலை 4 மணிக்குத் தனிப் பக்கம் போட்டுவிட்டேன். ஐந்து நாளாக 1007க்கும் 1008க்கும் நடுவிலேயே இருக்கிறது. செடிகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன.

கடைசியாக ஒரு கேள்வி. 2015 டிசம்பரில் எங்கள் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர், ஸ்கூட்டர் போனது, சம்ப் போனது. அன்று இந்தச் சென்சார் இருந்திருந்தால் முன்கூட்டிச் சொல்லியிருக்குமா? நான் இதை வாங்கச் சொன்னதே அதற்காகத்தான்.

மீனம்பாக்கம்_அண்டைவீடு எழுதியது:

அறுபது சென்டிமீட்டரைச் சென்னை வெயில் சாப்பிட்டது. 30 டிகிரியில் காற்று லேசாகிவிடும், அதே அழுத்த வித்தியாசத்துக்கு அதிக உயரம் ஏற வேண்டும். 15 டிகிரியில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 8.3 மீட்டர் சொச்சம், 30 டிகிரியில் 8.8. உங்கள் 1.42ஐ 8.8ஆல் பெருக்கிப் பாருங்கள், 12.5. செங்கல் கட்டி அளந்ததற்குப் பத்து சென்டிமீட்டர் பக்கத்தில். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது, ஆனால் மூன்று தடவை ஏறியதற்கு இது தகும்.

பழைய_பாரோகிராப் எழுதியது:

2015க்குப் பதில், சொல்லியிருக்காது அம்மா. அது புயல் இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஆனால் அழுத்தம் பெரிதாகச் சரியும் வகை மழை அல்ல அது. மெல்லிய தாழ்வு ஒன்று கரையோரம் நின்றுகொண்டு கடலின் ஈரத்தை அள்ளி அள்ளிப் போட்டது. சென்சார் காற்றின் கனத்தைச் சொல்லும், அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது மாடியில் இது இருந்திருந்தால் எண் இறங்கி, பிறகு ஏறுவதை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். 2023 மிக்ஜாமில் அழுத்தமும் இறங்கியது, வெள்ளமும் வந்தது. ஆனால் வெள்ளம் வந்தது, புயல் கரைக்கு வெளியே மெதுவாக நகர்ந்து மழையைக் கொட்டிக்கொண்டே இருந்ததால். எவ்வளவு கொட்டும் என்று எண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

மழைக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பாருங்கள். ஸ்கூட்டரை ஐப்பசி பிறந்ததும் மேடான இடத்தில் நிறுத்துங்கள். 4 மணி நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், டிசம்பர் முடிந்ததும் அதை இங்கே போடுங்கள். நான் வரைபடத் தாளில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.