சொலிலக்விக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோபி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் பற்றி ஒரு சின்னக் கையேடு போடுகிறோம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக. ஹாம்லெட்டிலிருந்து சில காட்சிகள், கூடவே நாடகச் சொற்கள். மற்றதெல்லாம் ஆயிற்று, சொலிலக்வியில் மாட்டிக்கொண்டேன், அதாவது பாத்திரம் தன் மனத்தில் உள்ளதைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்ளும் பேச்சு. அகராதிகள் தனிமொழி என்கின்றன. அதைப் பலகையில் எழுதினேன். "தமிழே தனிமொழிதானுங்க மேடம்" என்று ஒரு பையன் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டான். மானலாக் (ஒருவரே நீளப் பேசுவது), அசைட் (மேடையில் மற்றவர் காதில் விழாததாகப் பாவித்துச் சொல்வது) இரண்டுக்கும்கூடக் குழப்பமில்லாத சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஈரோட்டு வாத்தியார்:
பையனைத் திட்டாதே அம்மிணி. இலக்கணத்தில் தனிமொழி என்றால் தொடர்மொழிக்கு எதிரான ஒற்றைச் சொல். அதைப் போய் நீளப் பேச்சுக்கு வைத்தது எவர் என்று தெரியவில்லை.

நீ கேட்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையைப் பார். நாடகச் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்று மூன்றாகப் பிரிக்கிறார் அடியார்க்குநல்லார். நெஞ்சோடு கூறுவது, கேட்போர்க்கு உரைப்பது, தானே கூறுவது. அவர் யார்? நிரம்பையர் காவலன். நிரம்பை கொங்கு நாட்டு ஊர் என்று கொங்கு மண்டல சதகம் சொல்கிறது. உரை எழுத ஆதரித்தவன் பொப்பண்ண காங்கேயன். 1892இல் உ.வே.சா. அதை அச்சில் ஏற்றியிராவிட்டால் நமக்கு இந்த மூன்று சொல்லும் கிடைத்திராது. விபுலானந்தர் 1926இல் மதங்க சூளாமணி எழுதியபோது ஷேக்ஸ்பியர் நாடகம் பன்னிரண்டை எடுத்து நம் நாடக இலக்கணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? உட்சொல் என்று போடு.

பல்லடம் தம்பி:
ஐயா, உட்சொல் என்றால் உள்ளேயே நிற்கிற சொல் என்றுதான் இந்தக் காலத்துப் பிள்ளை எடுத்துக்கொள்வான். ஹாம்லெட் கூரை அதிரப் பேசுகிறான். ஊருக்கே புரிகிற சொல் ஒன்று இருக்கிறது: மைண்ட் வாய்ஸ். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈரோட்டு வாத்தியார்:
கோபமெல்லாம் இல்லை தம்பி. கையேட்டில் அது வந்தால் எனக்குப் பிரதி அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான்.

தாராபுரத்துக்காரர்:
வேரிலிருந்து பார்ப்போம். சொலிலக்வியே பழக்கத்தில் இருந்த சொல் அல்ல. லத்தீனில் 'தனி', 'பேசு' என்ற இரண்டையும் ஒட்டி, நான்காம் நூற்றாண்டின் கடைசியில், புனித அகஸ்டின் தன் நூலுக்குத் தலைப்பாக உண்டாக்கியது. புதுச் சொல், கொஞ்சம் கரடுமுரடான சொல் என்று அவரே அதில் சொல்லிவிடுகிறார். ஆக, நம்மைப் போலத்தான் அவரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதில் வேடிக்கை, அந்த நூலில் அவர் தனியாகப் பேசவில்லை. அவருக்கும் அவருடைய அறிவுக்கும் நடக்கிற உரையாடல் அது. அப்படியே நம் குறள் 125ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள், நெஞ்சொடு கிளத்தல். அகப்பாட்டு அடிக்குறிப்பில் 'தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது' எத்தனை இடத்தில் வருகிறது! எனவே நெஞ்சுரை.

பல்லடம் தம்பி:
நெஞ்செரிச்சலுக்கு மருந்து மாதிரி இருக்கிறதுங்க.

பொள்ளாச்சி நாடகக்காரி:
மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். பேசுகிறவனின் உள்ளே என்ன நடக்கிறது என்றே பார்க்கிறீர்கள். கேட்பது யார்?

குளோப் அரங்கம் கூரையில்லாத முற்றம். பகல் வெளிச்சத்தில் நாடகம். மேடை கூட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மூன்று பக்கமும் ஆட்கள். நடிகனுக்கு முன்வரிசைக்காரன் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும். அங்கே நின்று ஒருவன் தன் நெஞ்சோடு மட்டும் பேச முடியுமா? நம் கூத்தில் வேஷக்காரர் வந்து தன் கதையைச் சபைக்குச் சொல்வதும், அண்ணன்மார் கதையில் உடுக்கைக்காரர் அழுகையைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவதும் இதே வேலைதான். இருட்டில் பார்வையாளரை உட்கார வைத்த பிறகுதான் இது 'தனக்குள் பேசுவது' ஆனது. அப்புறம் அதுவே செயற்கையாகப் பட்டது. ஒரு மானலாக், ஒரு அசைட் இல்லாமல் நாடகம் எழுதிவிட்டேன் என்று இப்சன் 1869இல் கடிதத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இன்னொன்று. 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற அந்தப் பேச்சில் ஹாம்லெட் தனியாகவே இல்லை. ஒஃபீலியாவை அங்கே நிறுத்திவிட்டு அரசனும் அவள் தகப்பன் பொலோனியஸும் ஒளிந்து கேட்கிறார்கள். தனிமொழியில் இருக்கிற 'தனி' அங்கேயே போயிற்று. அந்த வரிகளில் 'நான்' என்று ஓர் இடத்திலும் வராது. பன்மையில்தான் பேசுகிறான். ஆங்கிலத்தில் அந்தப் பன்மை யாரைச் சேர்க்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தமிழில் தப்பிக்க முடியாது. நாமா, நாங்களா? ஒத்திகையில் 'நாங்கள்' என்று சொல்லிப் பார்த்தோம், பேச்சு செத்துப்போனது. 'நாம்' என்றதும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். வாத்தியார் ஐயாவே உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று விளக்குவார். என் சொல் அவைக்கூற்று.

ஈரோட்டு வாத்தியார்:
நாம், நாங்கள் பற்றிச் சொன்னது அருமை அம்மிணி. அதைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் எல்லாப் பேச்சும் அப்படியா? மனோன்மணீயத்துக் குடிலன் சபைக்கா சொல்கிறான்? தன் சதியைத் தானே மெச்சிக்கொள்கிறான். ஒதெல்லோ நாடகத்து வில்லன் இயாகோவின் சாயல் என்பார்கள், சரிதான்.

பொள்ளாச்சி நாடகக்காரி:
இயாகோ சபையைத்தான் கூட்டாளி ஆக்குகிறான் ஐயா! அதனால்தான் அவனைப் பார்த்தால் பயம். ஷேக்ஸ்பியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் எனக்குப் பெரியதாகப் படுவது இதுதான். வில்லன் நம்மிடம் வந்து ரகசியம் சொல்வான், நாமும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மேக்பெத்தை மகபதியாகவும் மாற்றி மேடையேற்றியபோது அதுவும் கூடவே வந்தது. அப்புறம் சினிமாவில் கண்ணாடிக்குள்ளிருந்து மனசாட்சி கிளம்பி வந்து கேள்வி கேட்டதே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

பல்லடம் தம்பி:
மேடை என்றதும் நினைவு வருகிறது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1944இல் நாடக மாநாடு நடத்தியது ஈரோட்டில்தான். அதில் கலைச்சொல் பற்றி யாராவது...

கோபி டீச்சர்:
தம்பி, இன்று புதன்கிழமை.

தாராபுரத்துக்காரர்:
ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸுக்கு நனவோடை என்ற சொல் எப்படி நிலைத்தது என்று பாருங்கள். முதலில் கேட்டபோது அதுவும் விசித்திரம்தான். இன்று முதலாண்டு மாணவன் எழுதுகிறான். நெஞ்சுரைக்கும் அந்தக் காலம் வரும்.

ஈரோட்டு வாத்தியார்:
உட்சொல்லை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்தான். தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளில் 'கூற்று' ஒன்று, 'கேட்போர்' ஒன்று. சொல்பவன் யார் என்று ஒன்று, யாரிடம் என்று மற்றொன்று. சொல்பவனும் கேட்பவனும் தானே என்றால் தன் + கூற்று = தற்கூற்று. தற்பெருமை போல. தன்கூற்று என்று எழுதிவிடாதே.

பல்லடம் தம்பி:
தற்கூற்றுக்கு என் ஓட்டு. தட்டச்சுக்கும் எளிது.

தாராபுரத்துக்காரர்:
நெஞ்சுரை தோற்றால் தற்கூற்று. ஆனால் நெஞ்சுரை தோற்கவில்லை.

கோபி டீச்சர்:
எல்லாருக்கும் நன்றிங்க. தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் தற்கூற்றையே சொன்னார்கள். சிலர் 'ஏதோ ஒன்றைப் போடும்மா' என்றார்கள். அதையும் தற்கூற்றில் சேர்த்துக்கொண்டேன். தலைப்பில் தற்கூற்று, பக்கத்தில் தனிமொழி, ஏனென்றால் தேர்வுத் தாளில் அதுதான் வரும். மானலாக் தனியுரை. அசைடுக்கு ஒருபுறப்பேச்சு. பழைய நாடகப் புத்தகங்களில் 'ஒருபுறமாக' என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்களே, அதிலிருந்து எடுத்தேன். ஹாம்லெட்டின் முதல் வரியே பல பதிப்புகளில் அசைட் என்று குறித்திருப்பதால் உதாரணத்துக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நாம், நாங்கள் விஷயம் தனிக் கட்டத்தில் வருகிறது.

பொள்ளாச்சி நாடகக்காரி:
கையேட்டுக்குத் தற்கூற்று இருக்கட்டும். எங்கள் குழுவின் நடிப்புப் பிரதியில் அவைக்கூற்றுதான். தற்கூற்று என்று எழுதிக் கொடுத்தால் பையன்கள் தரையைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள்.

ஈரோட்டு வாத்தியார்:
அதில் ஒரு சிக்கல் அம்மிணி. அவைக்கூற்றை 'அவையினது கூற்று' என்றுதான் முதலில் படிப்பார்கள், ஆறாம் வேற்றுமைத் தொகையாக. 'அவைக்குக் கூற்று' என்று பிரித்தாலும் கூற்று என்றால் எமன். அவைக்கு எமன் என்று ஆகிவிடும்.

பொள்ளாச்சி நாடகக்காரி:
சில நாடகம் பார்க்கும்போது அதுவும் பொருந்துகிறது ஐயா. மாற்றுவதாக இல்லை.

தாராபுரத்துக்காரர்:
எமனைக் குறிக்கும் கூற்று உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் வந்தது. சொல்லும் கூற்றும் அதே வேர்தானா என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனி இழையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.